இல்லத் தொழிலும் இடர்க் காலமும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழில் தொடங்குவது எப்படி என்று எடுத்துரைக்க இன்று பலர் இருக்கிறார்கள். 1974இல் தோன்றிய தாட்கோ நிறுவனம் நம் மக்களுக்குக் கடனும் மானியமும் பெற்றுத் தருகிறது. 2023இல் அண்ணல் அம்பேத்கர் பெயரால் தொழில் முன்னோடிகள் திட்டம் ஒன்றும் வந்தது. அவை பற்றி அறிந்தவர்கள் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நானோ, வீட்டில் நன்றாக நடந்துகொண்டிருந்த தொழில் ஒருநாள் காலையில் நின்றுவிட்டால் அந்த வீட்டிற்கு என்ன நேரும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது என் வீட்டிலே நேர்ந்தது.

ஆம்பூருக்கு அருகே ஒரு சேரியிலே நான் பிறந்தேன். தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலையில் நாட்கூலி. தாயார் திண்ணையில் அமர்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பார். வெட்டிய தோலை மூட்டையாகக் கட்டி ஏஜெண்டு கொண்டுவந்து போடுவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊசியும் நூலும் எங்கள் செலவு. இரண்டு ஏஜெண்டுகளிடம் அவர் வேலை வாங்கிவந்தார். யார் மூட்டை எது, எத்தனை ஜோடி முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று கேட்டால், "எல்லாம் என் மனசிலே இருக்குது" என்பார். இருந்தது உண்மைதான்.

1984ஆம் ஆண்டு ஐப்பசியில் தாயாருக்கு மஞ்சட்காமாலை கண்டது. நாற்பது நாள் படுக்கை. வீட்டில் மூன்று மூட்டைகள் அரைகுறையாகக் கிடந்தன. தந்தையார் ஒருவர் மூட்டையை மற்றவரிடம் கொடுத்துவிட்டார். ஒரு ஏஜெண்டு வந்து, தாம் முன்பணம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். இல்லையென்று மறுக்க எங்களிடம் ஒரு துண்டுத்தாளும் இல்லை. அவர் ஏமாற்றினாரா என்றால், அதையும் இன்றளவும் என்னால் உறுதியாகக் கூற இயலாது. எழுத்து இல்லாத இடத்திலே பொய்யும் புலப்படாது, மெய்யும் புலப்படாது. ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் தமக்கையார் மூட்டைகளை முடித்துக் கொடுப்பதற்காகப் பள்ளியிலிருந்து நின்றார். ஒரு மாதம்தான் என்றார்கள். பிறகு அவர் பள்ளிக்குப் போகவேயில்லை.

நம் முன்னோரின் கணக்கைப் பிறரே எழுதினர் என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். பண்ணையாரின் ஏட்டில் எழுதியதே கடன். நாம் வைத்தது கைநாட்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. இன்று நம் வீடுகளில் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஆயினும் அம்மாவின் தையல் கணக்கு இன்னும் அம்மாவின் மனத்திலேயே இருக்கிறது. பி.காம். படித்த மகனுக்குத் தன் தாய் ஒரு ரவிக்கைக்கு என்ன கூலி வாங்குகிறாள் என்பது தெரியவில்லை. இதை நான் குறையாகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஆகையால் முதலாவது வேண்டுவது ஒரு நோட்டுப் புத்தகம். அதில் வரவுசெலவு மட்டும் போதாது. தையல் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். எவருடைய துணி வீட்டில் இருக்கிறது, எந்தத் தேதிக்குக் கேட்டிருக்கிறார், முன்பணம் எவ்வளவு என்பவை வேண்டும். ஒவ்வொரு துணியிலும் பெயர்ச்சீட்டைக் குத்திவைத்தல் வேண்டும். அளவுகளைத் தையற்காரர்கள் தமக்கே விளங்கும் குறியாக எழுதுவார்கள்; அக்குறிகளின் பொருளை ஒரு பக்கத்தில் விளக்கி எழுதிவையுங்கள். நூல், லைனிங் வாங்கும் கடையில் நமக்குள்ள பாக்கி, மகளிர் குழுத் தவணை நாள், இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவரின் தொலைபேசி எண் ஆகியனவும் அதில் இருக்கட்டும். மாவு அரைத்து விற்பவரானால், எந்த வீட்டிற்கு எத்தனை லிட்டர் என்று இருக்கட்டும். அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு வேறொருவர் பத்து நாள் தொழிலை நடத்த முடிய வேண்டும். முடியாவிட்டால் உரியவர்களிடம் துணியையும் முன்பணத்தையும் திருப்பியாவது தர வேண்டும். துணியைத் திருப்பித் தந்துவிட்டால் வாடிக்கையாளர் மீண்டும் வருவார். தீபாவளி கழிந்த பிறகு தைத்துத் தந்தால் வரமாட்டார். சிரமப்பட்டு நம் வாசற்படி ஏறிவரச் செய்த வாடிக்கையை அவ்விதம் இழக்கலாகாது.

அடுத்து, அந்த வேறொருவர் யார்? அதே தொழில் செய்யும் மற்றொரு பெண்மணியோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுதல் நலம். எனக்கு முடியாதபோது என் வேலையை நீ முடி, கூலியில் இன்ன பங்கு உனக்கு, உனக்கு முடியாதபோது நான் செய்கிறேன் என்று. போட்டிக்காரியிடம் வாடிக்கையைக் கொடுப்பதா என்று சிலர் அஞ்சுவார்கள். அவ்வச்சத்தை நான் முற்றிலும் தவறென்று சொல்லமாட்டேன். பங்கை எழுதி வைத்துக்கொண்டால் அது பாதியாகக் குறையும்.

இக்காலத்திலே தொழிலின் பெட்டி செல்பேசிக்குள் போய்விட்டது. கூலி அதிலே வருகிறது, அளவும் ஆர்டரும் அதிலே வருகின்றன. செல்பேசிக்குரியவர் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தால் வங்கியில் பணம் இருந்தும் மருந்துக்கு வழியில்லை. அதற்காகப் பின் எண்ணைப் பிறரிடம் சொல்லுவதோ, நோட்டில் எழுதுவதோ கூடாது. தொழிற்பணத்திற்கென ஒரு கணக்கைக் கணவரோடோ, வயது வந்த பிள்ளையோடோ கூட்டாகத் திறந்து, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பத்தக்கவரைப் பார்த்துச் சேருங்கள். குடிக்குப் பணம் தேடுகிறவர் பெயரை அதிலே சேர்க்கச் சொல்லி நான் எந்தத் தாய்க்கும் யோசனை கூறமாட்டேன். எல்லாக் கணக்குகளுக்கும் நாமினி பெயர் கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆனால் வங்கிக் கணக்கின் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தக்கவரே ஒழிய, அதனாலேயே அப்பணத்திற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கே. இதை அறியாமல் உடன்பிறந்தோர் பகைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

காப்பீட்டைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 2015இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டங்கள் இரண்டு உள்ளன. 2022 முதல், விபத்துக் காப்பீட்டிற்கு ஆண்டுக்கு 20 ரூபாய். ஆயுள் காப்பீட்டிற்கு 436 ரூபாய். இறப்பு நேரின் ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சம். மே மாத இறுதியில் வங்கியே பணத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்நாளில் கணக்கில் பணம் இல்லையேல் காப்பீடு அற்றுப்போகும். ஆகவே மே மாதத்தில் கணக்கைத் துடைத்து எடுக்காதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை மருத்துவமனைச் செலவை ஏற்கும். வேலை நின்ற நாட்களின் கூலியைத் தராது. அதற்கு நம் கையிருப்புத்தான். வாடகை, மின்கட்டணம், தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு இவற்றை இரண்டு மாதத்திற்குத் தாங்கும் தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. ஆயினும் இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் பணம் நீட்டுகிறவன் கந்துவட்டிக்காரனாகவே இருக்கிறான்.

தையல் தொழிலாளருக்கும் காலணி, தோல்பொருள் தொழிலாளருக்கும் தமிழ்நாட்டில் நல வாரியங்கள் இருக்கின்றன. உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. பதிவு செய்தவர்கள் அதைப் புதுப்பிக்கத் தவறிவிட்டுத் துன்பம் வந்தபின் அட்டையைத் தேடுகிறார்கள். புதுப்பிக்கும் தேதியும் நோட்டில் ஏறட்டும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்புகளில் எட்டாம் வகுப்பிற்கு மேற்பட்ட பிள்ளைகளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரவர் தாயாரோடு வரச்செய்யுங்கள். தாயார் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். நோட்டுப் புத்தகங்களுக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

என் தமக்கையார் இப்போது வீட்டில் தையல் தொழில் செய்கிறார். அவருடைய நோட்டைப் பேத்திதான் எழுதுகிறாள். சென்ற மாதம் கண்ணில் அறுவை செய்துகொண்டு அவர் படுத்திருந்தபோது, பதினேழு ரவிக்கைகளில் பதினான்கை அண்டை வீட்டுப் பெண்மணி தைத்துக் கொடுத்தார். மூன்றைத் துணியாகவே திருப்பி அனுப்பினார்கள். அந்த ஞாயிறன்று பிள்ளைகளுக்குக் காட்ட அந்த நோட்டையே கொண்டுவருகிறேன்.