கைப்பிள்ளைக்கு இளைப்பு வந்தால்



உம்மாமார்களே, பிள்ளைக்கு இளைப்பு என்றதும் நம் அறக்கட்டளையில் நெபுலைசர் இரவல் கேட்கிறீர்கள். கைப்பிள்ளைகளுக்கு அதைத் தருவதில்லை என்று முடிவெடுத்துள்ளோம்.

நுரையீரலின் சின்னக் குழாய்கள் வீங்கிச் சளி அடைப்பதை டாக்டர்கள் பிராங்கியோலைட்டிஸ் என்பார்கள். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸின் வேலை. மருத்துவமனையில் சேர்த்த சில பிள்ளைகளுக்கு 3 சதவீத உப்புநீரை ஆவியாகக் கொடுப்பதுண்டு. அதுவும் 2014இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் பலன் காட்டவில்லை. வாலிநோக்கம் உப்பளம் பக்கம்தானே என்று வீட்டில் உப்புக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள்!

தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50 தொட்டாலோ, நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, பால் மறுத்தாலோ உடனே 108. பாலம் தாண்டிவரும் இராமேஸ்வரம், பாம்பன்காரர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.