தொடுதல் என்கிற ஆட்டம்

(மாணவர்களுக்கான பண்பாட்டுப் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நடனம்னு சொன்னதும் நம்மாளுங்க பலருக்கு அது நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம்னு ஒரு நெனப்பு. சலங்கை, சபா, அரங்கேற்றம் இதெல்லாம் கலை. நாம அடிக்கிறதும் ஆடுறதும் வெறும் கூத்து என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் பிரிக்கிற அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதை நாம் பலமுறை பேசியாகிவிட்டது. இன்றைக்கு வேறொரு கேள்வி. யார் யாரைத் தொடலாம் என்று விதி வகுப்பது சாதி. அப்படியென்றால் தொடுதலையே மூலப்பொருளாகக் கொண்ட ஒரு கலை அதற்கெதிராக என்ன செய்ய முடியும்?

அன்னா ஹால்ப்ரின் என்று ஓர் அமெரிக்க நடன அமைப்பாளர். 1920இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 2021இல் நூறு வயதில் இறந்தார். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே, வீட்டையொட்டி மரங்களுக்கு நடுவில் போட்ட திறந்தவெளி மரத்தளம்தான் அவருடைய ஆடுகளம். பயிற்சி பெற்ற உடம்பு மட்டும்தான் ஆட வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. நடப்பது, சுமப்பது, உடுத்துவது என்று அன்றாட வேலைகளே அவருக்கு நடனம். ஆடுகிறவர்களுக்கு ‘ஸ்கோர்’ என்று ஒன்று தருவார். அது அடவுப் பட்டியல் அல்ல, விளையாட்டு விதி மாதிரி. என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும். எப்படிச் செய்வது என்பது ஆடுகிறவர் பாடு.

விளையாட்டு என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சடுகுடுல தொட்டா அவுட்டு. ஆனா அது விதின்னு எல்லாருக்கும் தெரியும். நாம போட்ட கோடு, வேணும்னா மாத்திப் போடலாம். சாதியும் மனிதர்கள் போட்ட கோடுதான். ஆனால் தன்னை விதி என்று அது ஒத்துக்கொள்ளாது; பிறப்பு, வழக்கம், சாமி குத்தம் என்று பேர் வைத்துக்கொள்ளும். விதிகளை வெளிப்படையாக வைத்து ஆடிப் பழகிய உடம்புக்கு, மறைத்து வைத்த விதி சீக்கிரம் உறுத்தும்.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்கள் எழுந்தார்கள். கறுப்பின இளைஞர் ஒருவரைப் போலீஸ் வண்டியோடு மறித்ததில் பற்றிக்கொண்டது. 34 உயிர்கள் போயின. அதற்குப் பிறகு, ‘ஸ்டூடியோ வாட்ஸ்’ என்ற கலைப் பள்ளியை நடத்திய ஜேம்ஸ் வுட்ஸ் நிகழ்ச்சி ஒன்றுக்காக ஹால்ப்ரினை அழைத்தார். தன் வெள்ளைக் குழுவைக் கொண்டுவந்து ஆடிக் காட்டிவிட்டுப் போக அவர் விரும்பவில்லை. வாட்ஸ் இளைஞர்களோடு சேர்ந்தே உருவாக்கினார். ‘செரிமனி ஆஃப் அஸ்’, அதாவது நம்முடைய சடங்கு. 1969இல் மார்க் டேப்பர் அரங்கில் நிகழ்ந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம்.

ஒன்று, அவர் எடுத்த எடுப்பில் இரு தரப்பையும் கலந்துவிடவில்லை. மாதக்கணக்கில் கறுப்பினக் குழுவோடு தனியாக, வெள்ளைக் குழுவோடு தனியாக வேலை செய்தார். பிறகுதான் ஒரே கூடத்தில் சேர்த்தார். நாம தனியா அமைப்பாத் திரண்டா ‘பிரிவினை’ன்னு நம்ம தோழமை சக்திகளே சொல்றாங்க இல்லையா? தன் உடம்பு, தன் கோபம், தன் தாளம் எதுவென்று தெரிந்துகொள்ளாமல் போய்க் கலப்பவன் இன்னொருத்தன் தாளத்துக்குத்தான் ஆடுவான்.

இரண்டு, அரங்கத்தின் வாசல். பார்வையாளர்கள் நுழைய இரண்டு வழிகள். ஒன்றில் கறுப்பினக் கலைஞர்கள் வரிசையாக நின்றார்கள், மற்றதில் வெள்ளையர்கள். எது வழியாகப் போவது? பேச்சில் எல்லாரும் முற்போக்குதான். ஆனால் அந்த நிமிஷத்தில் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது? சடங்கு மேடையில் அல்ல, அங்கேயே தொடங்கிவிட்டது.

பின்னாளில், 1989இல், எச்ஐவி தொற்றோடும் எய்ட்ஸோடும் வாழ்ந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு நடனம் உருவாக்கினார். அவர்கள் பக்கத்தில் உட்காரவே ஊர் பயந்த காலம் அது.

விமர்சனம் இல்லாமல் இதை வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. இரு குழுக்களுக்கும் ஸ்கோர் எழுதியது ஒரு வெள்ளைப் பெண் கைதான். கூடத்துக்குள் கைகள் கோர்த்துக்கொண்டதால் மட்டும் வாட்ஸின் வேலையில்லாத் திண்டாட்டம் தீராது. நடனம் நிலத்தைப் பங்கிட்டுத் தராது.

இந்தக் கேள்வியை நம்ம வட்டத்துக்குள்ளயும் கேக்கணும். நான் பறை சொல்லித் தர்றவன். இப்ப எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கத்துக்க வர்றாங்க, சந்தோஷம். ஆனால் சாவு வீட்டில் அடிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டவரின் மகன் அந்த வட்டத்தில் எங்கே நிற்கிறான்? முதல் அடியை யார் எடுத்துக் கொடுப்பது? கருவியை வாங்கி மாட்டிக்கொள்கிற கை, கற்றுக் கொடுத்தவர் வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்குமா? இதைக் கேட்காத கலப்பு வெறும் மேடை அலங்காரம்.

உடம்பால் பேசுவது நமக்குப் புதிதல்ல. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் சவுதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். நடந்தது, குனிந்தது, கையில் அள்ளியது. எல்லாம் அன்றாட அசைவுகள்தான். விலக்கப்பட்ட உடம்பு அதைச் செய்தபோது ஒரு விதி உடைந்தது.

சாயங்காலம் இங்கே வட்டமாக நிற்கப் போகிறோம். கை கோர்ப்பதற்கு முன்னால் உங்க ரெண்டு பக்கமும் யார் நிக்கிறாங்கன்னு பாருங்க. தானாக அமைந்ததா, கோடு அமைத்ததா? அதைப் பேசிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவோம்.