மதப் போரும் பொது மக்களும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

மிஷன் பாடசாலையிலே கல்வி கற்று, கோணேசர் சந்நிதியிலே தேவாரம் ஓதி வளர்ந்தவர்கள் நாம். ஆதலின் மதப் போர் என்னும் இப்பொருளை இருபுறமும் நின்று நோக்கும் கடமை எமக்கு உண்டெனக் கருதுகின்றோம்.

சுவாமிமலையில் நின்ற பெருங்கோயிலை 1622ஆம் ஆண்டளவிற் பறங்கித் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சா இடிப்பித்ததை நம்மில் அறியாதார் இலர். இடித்த கற்கள் கோட்டைச் சுவராயின. இணைக்கயல் பொறித்த கல்லொன்றைப் பிரெடரிக் கோட்டை வாயிலில் இன்றும் காணலாம். இதனை மத வெறி என்கின்றோம், அது உண்மையே. ஆயின் முழு உண்மை அன்று. 1620இல் டென்மார்க்குக் கப்பல்கள் இத்துறைமுகத்திற்கு வந்தன. கண்டியரசன் செனரதனும் பிற ஐரோப்பியரின் துணையை நாடி நின்றான். பறங்கியர் அஞ்சினர். துறையைக் காக்கக் கோட்டை வேண்டும். கோட்டைக்குக் கல் வேண்டும். அக்கல்லை எடுக்க மதம் நியாயம் கற்பித்தது.

இழந்தவர் யார்? கோயிற்றொண்டு செய்த தானத்தாரையும் வரிப்பத்தாரையும் பற்றிக் கோணேசர் கல்வெட்டு விரிவாகக் கூறுகின்றது. கோயில் வீழ்ந்த அன்றே இத்தகைய குடிகளின் தொழிலும் வீழ்ந்ததன்றோ? விக்கிரகங்களை யாரோ மண்ணிலே புதைத்துக் காத்தனர். 1950இல் திருகோணமலையிற் கிணறு வெட்டியபோது அவற்றுட் சில வெளிப்பட்டன. தம்பலகாமத்திலே ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. இடித்த தளபதியின் பெயரை அறிவோம். புதைத்துக் காத்த கைகளின் பெயரை அறியோம். வரலாறு பெரும்பாலும் இவ்வாறே எழுதப்படுகின்றது.

நிற்க. 1639இல் ஒல்லாந்தர் இக்கோட்டையைப் பிடித்தனர். அவர்களும் கிறிஸ்தவரே. ஆயினும் 1658இற் பறங்கியரை இலங்கையினின்றும் அகற்றியபின் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். 1687இல் இங்கு வந்த யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் நடமாட நேர்ந்தது. முன்னர் இந்து மறைந்து வணங்கினான். பின்னர் கத்தோலிக்கனும் மறைந்து வணங்கினான். அதே காலத்தில் ஐரோப்பாவும் எரிந்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில், 1631இல் மக்டபர்க் நகரிலே மட்டும் ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர். அப்போரிலே வாளால் மடிந்தோரினும் பசியாலும் கொள்ளை நோயாலும் மடிந்தோரே மிகப் பலர்.

நமது காலத்திற்கு வருவோம். 1983 முதல் 2009 வரை நம் நாட்டில் நிகழ்ந்த யுத்தம் மதப் போர் அன்று. எனினும் வணங்குமிடம் புகலிடம் என்ற நம்பிக்கையை அது சிதைத்தது. 1985இல் அநுராதபுரம் ஸ்ரீ மகாபோதியில் வழிபட்டோர் கொல்லப்பட்டனர். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1995இல் நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தோர்மீது குண்டு வீழ்ந்தது. 2006இல் நம் குடாவிற்கு அக்கரையிலுள்ள மூதூரிலிருந்து முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினர்; சம்பூர்த் தமிழர் ஆண்டுக் கணக்காக முகாம்களிலே வாடினர். அதே ஆகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவன ஊழியர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவர்களுள் எவர் எந்த மதத்திற்காகப் போர் தொடுத்தார்? ஒருவருமில்லை.

நண்பர்களே! பழைய அநீதியை மறந்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. 1963இல் மீண்டும் குடமுழுக்குக் கண்ட கோயில், நினைவின் வலிமையாலன்றோ எழுந்தது? ஆயின் நினைவு வேறு, வஞ்சம் வேறு. நம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த கத்தோலிக்க நண்பன், நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்த தளபதியின் கடனை எங்ஙனம் தீர்ப்பான்? காத்தான்குடிச் சிறுவனின் கண்ணீருக்குத் தமிழ் மாணவன் ஒருவன் எங்ஙனம் பொறுப்பாளி ஆவான்? இக்கணக்கைத் திறந்தால் அதை மூட எவராலும் இயலாது.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். கோயில் இடிபட்ட கதையைச் சிறுவர்க்குச் சொல்லும்போது, விக்கிரகம் காத்தவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கலவரக் காலத்தில் வரும் வதந்தியை விசாரியாது வாய்மாற்றாதீர்கள். வெள்ளமோ யுத்தமோ வந்தால், நமது மண்டபக் கதவை வருவோரின் மதம் கேளாது திறந்து வையுங்கள். அன்று மண்ணிலே தெய்வத்தைக் காத்த கைகளுக்கு நாம் செலுத்தும் நன்றி, இன்று மனிதரைக் காப்பதேயாகும்.