துபாயில் கைதட்டல், சென்னையில் வெள்ளம்: காலநிலை மாநாடுகளால் என்ன பயன்?

(இணைய அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"காலநிலை மாநாடா? ஏசி ஹால்ல பேசிட்டு பிளேன் ஏறிப் போறதுதானே!" இந்த மீம் வருஷா வருஷம் சுத்துது. நம்ம ஆளுங்களும் ஷேர் பண்றீங்க. கோபம் நியாயம்தான். ஆனா அது பாதிக் கதை.

2023 நவம்பர் 30. துபாய் மாநாட்டின் முதல் நாள். காலநிலை மாற்றத்தால் அடிபடும் நாடுகளுக்கான இழப்பு, சேத நிதியம் செயல்பாட்டுக்கு வந்தது. ஒரே கைதட்டல். நாலே நாள்ல, டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கிக் கிடந்துச்சு. அந்த மாநாட்டில் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து நிதியத்துக்கு அறிவித்தது சுமார் 70 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 5,800 கோடி ரூபாய். மிக்ஜாமுக்கு இடைக்கால நிவாரணமாக மட்டும் தமிழ்நாடு ஒன்றிய அரசிடம் கேட்டது 5,060 கோடி! ஒரு புயல், ஒரு மாநிலம். நீங்களே கணக்கு போட்டுக்குங்க.

2015 பாரிஸ் ஒப்பந்தமும் இப்படித்தான். அவங்கவங்க இலக்கை அவங்கவங்களே எழுதிக்கலாம்; தவறினா அபராதம் கிடையாது. அமெரிக்கா வெளியே போச்சு, உள்ளே வந்துச்சு, மறுபடியும் வெளியேறுறதா அறிவிச்சுது. யாராலும் தடுக்க முடியல.

அப்புறம் எதுக்கு இந்த மேஜை?

பசிபிக் கடலில் வனுவாட்டுன்னு ஒரு தீவு நாடு. மக்கள்தொகை சுமார் 3 லட்சம், நம்ம ஊர்ல ஒரு சட்டமன்றத் தொகுதி மாதிரி. கடல் மட்டம் உயர்ந்தா இழப்பீட்டுக்கு வழி வேணும்னு 1991-லேயே கேட்ட நாடு. வேற எந்த இடத்துல வல்லரசுகளுக்குச் சமமா உட்கார்ந்து அது பேச முடியும்? நிதியம் வர 32 வருஷம் ஆச்சு, அது வேற விஷயம்.

2019-ல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள், நம்ம வயசுப் பசங்கதான், இதைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டு போகணும்னு கிளம்பினாங்க. வனுவாட்டு அரசு கையிலெடுத்தது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் சொன்னது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம். ஆலோசனைக் கருத்துதான், யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த வாதத்துக்குக் கையில் இருந்த முக்கிய ஆதாரங்களில் ஒன்று மாநாடுகளில் எழுதி வாங்கின ஒப்பந்தங்கள். அந்தப் பேப்பரையும் கோர்ட்ல காட்ட முடிஞ்சுது, இல்லையா?

அதனால அடுத்த மாநாட்டு சமயத்துல மீமோட நிறுத்தாதீங்க. அறிவிச்ச பணத்துல எவ்வளவு வந்து சேர்ந்துச்சு, அதுல நம்ம கடலோரத்துக்கு வழி இருக்கான்னு உங்க தொகுதி எம்.பி.யை டேக் பண்ணிக் கேளுங்க. நம்ம கட்சி எம்.பி.யா இருந்தாலும் சரி.