திரையில் முதலில் தோன்றும் பொறி

(சேலம் அம்மாபேட்டையில் ஆற்றப்பெற்ற உரை)

தமிழ்ப் பெருமக்களே! தறியொலியோடு வாழும் அம்மாபேட்டை நெசவாளர்களே! இளைஞர்களே!

அரங்கில் விளக்கு அணைகின்றது. படத்தின் பெயர் வருமுன்னே ஓர் உருவம் திரையை நிறைக்கின்றது. படமெடுத்த நிறுவனத்தின் அடையாளம் அது. சில நொடிகளில் மறைந்துவிடும் அதைப்பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணலாம். நிறுவனங்கள் மறைந்த பின்னும் அவை விட்டுச்சென்ற பெயர்கள் மறைவதில்லை. ஆதலால் பேசத்தான் வேண்டும்.

அடையாளம் இடுதல் தமிழர்க்குப் புதிதன்று. அதற்குப் 'பொறி' என்பது நம் முன்னோர் வைத்த பெயர். சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல். எழுத்தறியாதவனும் பொறியைக் கண்டு உடையவனை அறிந்தான். ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் பொறியில் புலியும் கயலும் வில்லும் விளங்க, அவற்றைச் சூழ்ந்து கிரந்த எழுத்தில் வடமொழி நின்றது. உருவம் தமிழ், எழுத்து அயல். அன்று தொடங்கிய அந்நோய் திரைப்படத்திலும் தொடர்ந்து வந்திருக்கின்றது.

நம் சேலத்தையே எடுத்துக்கொள்வோம். திருச்செங்கோட்டு நூல் வணிகக் குடியில் தோன்றி, இங்கிலாந்தின் இலீட்சு நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர் தி. இரா. சுந்தரம். அவர் முதலில் சேலத்து 'ஏஞ்சல் பிலிம்சு' நிறுவனத்தோடு இணைந்து 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மூன்று படங்களை எடுத்தார். அவற்றுள் ஒன்று நல்லதங்காள். தமிழ்நாட்டுப் பெண்ணின் துயரத்தைச் சொல்ல வந்த படத்திற்கு 'ஏஞ்சல்' என்பது முகப்பாயிற்று! படமெடுக்கக் கல்கத்தாவுக்குச் செல்லும் தொல்லை ஒழிய, ஏற்காட்டு மலையடிவாரச் சாலையில் அவர் தாமே படநிலையம் அமைத்தார். 'புதுமை அரங்கம்' என்றிருக்க வேண்டிய அது 'மாடர்ன் தியேட்டர்சு' ஆயிற்று. அதன் முதற்படம் 1937 இல் வந்தது.

அந்நிலையத்தின் பணியைக் குறைத்துச் சொல்லுதல் நன்றியன்று. பாவேந்தரின் 'எதிர்பாராத முத்தம்' 1950 இல் 'பொன்முடி'யாக அங்கே படமாயிற்று. 1952 இல் வந்த 'வளையாபதி'க்குப் பாவேந்தரே உரையாடல் எழுதினார். உள்ளே பாவேந்தர் தமிழ் முழங்கிற்று. வாயிலில் ஆங்கிலப் பெயர் நின்றது. இன்று படநிலையம் இல்லை. வாயில் வளைவு மட்டும் ஏற்காட்டுச் சாலையில் நிற்கின்றது. சேலத்து மக்கள் நாவில் எஞ்சியிருப்பதும் அவ்வாயிற்பெயரே.

மூன்றே படங்களோடு நின்ற நிறுவனம் ஒன்றையும் காண்போம். ம. கோ. இராமச்சந்திரன் தொடங்கிய 'எம்சியார் பிக்சர்சு' 1958 இல் 'நாடோடி மன்னன்', 1969 இல் 'அடிமைப்பெண்', 1973 இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' ஆகியவற்றை வெளியிட்டது. 'நாடோடி மன்ன'னில் அதன் பொறி, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தி. மு. கழகக் கொடியை உயர்த்தி நிற்பது. அக்கொடி கண்டு அரங்குகள் ஆர்த்தன. ஒரு சொல்லும் பேசாமல் அவ்வுருவம் ஓர் இயக்கத்தையே மக்கள் நெஞ்சில் பதித்தது. பொறியின் ஆற்றல் அத்தகையது! ஆனால் கொடியோடு வந்த பெயரோ ஆங்கில முதலெழுத்துகளும் 'பிக்சர்சு'ம். தமிழ் உணர்ச்சியால் வளர்ந்த இயக்கத்தின் கொடிக்கும் தமிழ்ப்பெயர் துணை வரவில்லை.

"ஒரு பெயரால் என்ன கேடு?" எனக் கேட்பார் உளர். சென்னையைப் பாருங்கள். இரு சிறுவர் ஊதுகொம்பு ஊதும் பொறியால் நாடறிந்தது வாசனின் 'செமினி' படநிலையம். அச்சொல் குறிக்கும் ஓரைக்குத் தமிழில் 'ஆடவை' என்று பெயருண்டு. படநிலையம் போயிற்று. அதன் அருகே 1973 இல் திறக்கப்பட்ட மேம்பாலத்திற்கு அரசு இட்ட பெயர் அண்ணா மேம்பாலம். மக்கள் வழங்குவதோ செமினி மேம்பாலம்! அண்ணாவின் பெயரையே பின்னுக்குத் தள்ளும் வலிமை ஒரு திரைப் பொறியின் பெயருக்கு உண்டென்றால், அதைச் சிறிதென்று விடலாமா?

"அயலார்க்குப் புரிய ஆங்கிலம் வேண்டுமே" என்பர். உருசியாவின் 'மாசுபிலிம்' நிறுவனத்தின் பொறியும் ஆணும் பெண்ணும் நிற்பதே. தொழிலாளியும் உழவர் மகளும் சுத்தியலும் அரிவாளும் ஏந்திய சிலை. அதன் கீழ்ப் பெயர் உருசிய எழுத்திலேயே வருகின்றது. உலகம் அதனை அறியாமற் போகவில்லை.

"தமிழில் முடியாது" என்பதும் பொய். 'டைரக்சன்' இயக்கம் ஆயிற்று; 'எடிட்டிங்' படத்தொகுப்பு ஆயிற்று; 'சினிமா' திரைப்படம் ஆயிற்று. 2006 இல் தமிழ்ப் பெயருடைய படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அரசு அறிவித்ததும் தமிழ்ப் பெயர்கள் பெருகின. ஆனால் அவ்விலக்கு படத்தின் பெயரை மட்டுமே பார்த்தது. அதற்கு முன்வரும் நிறுவனப் பெயரைப் பார்க்கவில்லை. வரிக்காக வந்த தமிழ் வரியளவில் நின்றது. உணர்வினால் வரும் தமிழே முகப்பிலும் நிற்கும்.

இளைஞர்களே! இன்று கைப்பேசியாலேயே குறும்படம் எடுக்கின்றீர்கள். உங்கள் நிறுவனம் ஒரு படத்தோடு நின்றுவிடலாம், அதில் இழுக்கில்லை. பெயர் சூட்டப் பணம் வேண்டா. எவர் இசைவும் வேண்டா. தறியோ, மலையோ, உழவனோ, உங்கள் மண்ணின் உருவம் ஒன்றைப் பொறியாகக் கொள்ளுங்கள். அதன் கீழ்த் தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்தில் இடுங்கள். சேலையை நாம் நெய்து, கரையில் அயலான் பெயரை நெய்ய அம்மாபேட்டைத் தறி இசையுமா? திரையில் மட்டும் ஏன் இசைய வேண்டும்?

வெல்க தமிழ்!