விழித்திருந்த செவி



நடுக்கடலில் தத்தளிப்போரின் அபயக்குரல் பயன்பட வேண்டுமெனில், அதைக் கேட்க ஒரு செவியேனும் விழித்திருக்க வேண்டும். கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி அறிமுகமான தொடக்க ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.

1904-இல் மார்க்கோனி நிறுவனம் சி.க்யூ.டி. என்பதை ஆபத்துக் குறியீடாக்கியது. 1906-இல் பெர்லினில் கூடிய நாடுகள் எஸ்.ஓ.எஸ். என்பதை ஏற்றன. 'எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்' என்பதன் சுருக்கம் அது என நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்விளக்கம் பின்னாளில் புனையப்பட்டது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என எளிதில் பிரித்தறியலாம் என்பதே அதன் சிறப்பு.

1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதற்குச் சற்று முன்புதான், அருகே நின்ற கலிஃபோர்னியன் கப்பலின் தந்தியாளர் சிரில் எவன்ஸ் பனியைப் பற்றி எச்சரித்திருந்தார். பயணிகளின் தந்திகளை அனுப்புவதில் மூழ்கியிருந்த டைட்டானிக்கின் தந்தியாளர், குறுக்கிட வேண்டாமென அவரைத் தடுத்துவிட்டார். எவன்ஸ் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். பத்து நிமிடங்களில் மோதல் நிகழ்ந்தது! வானில் எழுந்த வெடிவாணங்களைக் கலிஃபோர்னியனின் மேல்தளத்தில் இருந்தோர் கண்டனர். ஆயினும் விடியும்வரை எவன்ஸை எவரும் எழுப்பவில்லை.

எவன்ஸைக் குறைகூறுவது எளிது. அக்கப்பலில் இருந்த தந்தியாளர் அவர் ஒருவரே. இரவெல்லாம் விழித்திருக்கச் சட்டமும் இல்லை.

அதே இரவில், வெகுதொலைவில் கார்பாத்தியா கப்பலின் ஹெரால்டு காட்டமும் உறங்க ஆயத்தமானார். ஆனால் காதில் கருவி இருந்தது. டைட்டானிக்குக்குக் கரையிலிருந்து தந்திகள் காத்திருப்பதை அறிந்து, அதைத் தெரிவிக்கலாமே என்று அவராகவே அழைத்தார். "உடனே வாருங்கள்" என்று பதில் வந்தது. எவரும் பணிக்காத அச்சிறு உதவியை அவர் நாடியிராவிட்டால்? கார்பாத்தியா விரைந்து சென்று எழுநூறுக்கும் மேற்பட்டோரை மீட்டது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர் மாண்டனர்.

1914-இல் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை, கப்பல்களில் இடைவிடாது செவிமடுக்கும் காவலை வலியுறுத்தியது. பின்னர் மற்றொரு விதியும் வந்தது. ஒவ்வொரு மணிநேரத்திலும் 15-ஆவது நிமிடத்திலும் 45-ஆவது நிமிடத்திலும் தொடங்கி, மும்மூன்று நிமிடங்கள் அபாய அலைவரிசையில் எவரும் செய்தி அனுப்பலாகாது என்றிருந்தது. நலிந்த அழைப்பு ஏதும் வருகிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. தந்தியறைக் கடிகாரங்களில் அந்நிமிடங்கள் சிவப்பு வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன.