அளப்பவருக்கு ஊதியம் அளிப்பவர் யார்?



தொழிற்சாலைப் புகையைக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பம் புதியதன்று. தூசியைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோன், நுண்துகள்களைத் தடுக்கும் துணிப்பை வடிகட்டி, புகையை நீரால் கழுவும் ஸ்கிரப்பர் ஆகியன பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. இந்தியாவில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கருவியும் உண்டு, சட்டமும் உண்டு. ஆயினும் புகை குறையாதது ஏன்? இவ்வினாவுக்குக் குஜராத் மாநிலத்தின் பட்டறிவு தெளிவான விடையளிக்கிறது.

மாசு மிகுந்த ஆலைகளை வெளித் தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் ஆய்வு செய்யும் முறை, உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 1996இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. ஆனால் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பவரும் அவருக்கு ஊதியம் வழங்குபவரும் ஆலை உரிமையாளரே. உண்மையை எழுதியவருக்கு மறு ஆண்டு வேலை கிடைக்குமா?

2009இல், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் இணைந்து 473 ஆலைகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பழைய முறையில் எழுதப்பட்ட அறிக்கைகளின்படி, புகைத்துகள் வரம்பை மீறிய ஆலைகள் நூற்றுக்கு 7 மட்டுமே. அதே புகைபோக்கிகளை மீண்டும் அளந்தபோது, மீறியவை நூற்றுக்கு 59 எனத் தெரியவந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

ஆய்வின் ஒரு பகுதி ஆலைகளில் விதி மாற்றப்பட்டது. தணிக்கையாளர் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டார். ஊதியம் பொது நிதியிலிருந்து வழங்கப்பட்டது. அவரது அளவீடுகளில் சில மறுபரிசோதனை செய்யப்பட்டன. பொய் அறிக்கைகள் 80 விழுக்காடு குறைந்தன. அதனினும் முதன்மையாக, அந்த ஆலைகள் வெளியிட்ட மாசும் குறைந்தது. வரம்பு மாறவில்லை, அளப்பவரின் நிலையே மாறியது. 2015இல் குஜராத் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதை விதியாகவே ஏற்றது.

அடுத்த படி சூரத் நகரில் எடுக்கப்பட்டது. அங்குள்ள ஆலைகளின் புகைபோக்கிகளில் இடையறாது அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. 2019இல், திட்டத்தில் சேர்ந்த ஆலைகள் அனைத்தும் சேர்ந்து வெளியிடக்கூடிய துகள்களுக்கு ஒரு மொத்த வரம்பு விதிக்கப்பட்டு, அதற்கான உரிமங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. குறைத்தவர் எஞ்சிய உரிமத்தை விற்கலாம். மிஞ்சியவர் வாங்க வேண்டும். தவறினால் முன்னரே செலுத்திய வைப்புத்தொகையிலிருந்து தண்டம் பிடிக்கப்படும். 317 ஆலைகளை ஒப்பிட்ட ஆய்வு, திட்டத்தில் சேர்ந்தவற்றின் துகள் வெளியீடு 20 முதல் 30 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. எனினும் மொத்த அளவு குறைந்தாலும், ஒரு குறிப்பிட்ட ஆலையை ஒட்டி வாழும் மக்களின் காற்று தூய்மையாகும் என்பதற்கு இத்திட்டம் மட்டும் உறுதியாகாது. அவர்களுக்குத் தனிக் காப்பு வேண்டும்.

இது தமிழகத்துக்கு அயலான செய்தியன்று. கடலூர் சிப்காட் பகுதி மக்கள் 2004ஆம் ஆண்டளவில், எளிய வாளிக் கருவியால் தம் ஊர்க் காற்றைத் தாமே சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். நாற்றத்தைப் பற்றிய முறையீடு அதன்பின் சான்றாயிற்று. மூச்சுத் திணறுபவரே அளக்கவும் வேண்டிய நிலை, ஓர் அமைப்பின் தோல்வியையே காட்டுகிறது.

புலம்பெயர்ந்த தமிழரில் பொறியாளர்களும் மென்பொருள் வல்லுநர்களும் மிகுதி. தாயகத்தில் ஓர் ஆலை குறித்துப் பேச்செழும்போது அவர்கள் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: அளப்பவருக்கு ஊதியம் அளிப்பவர் யார்? அளவீட்டை மறுபரிசோதனை செய்பவர் யார்? அந்த எண்கள் அருகில் வாழும் மக்களின் பார்வைக்கு, அவர்கள் மொழியில் வருகின்றனவா? இவற்றுக்கு நேரிய விடை கிடைக்காதவரை, எத்துணை விலையுயர்ந்த வடிகட்டியும் ஆய்வாளர் வரும் நாளில் மட்டுமே இயங்கக்கூடும்.